தடாவா, நாகலாபுரமா, தலகோனாவா: ஓடை வழியே ஒரு நாள் நடக்க எங்கே போகலாம்?

கார்த்திகை பிறந்துவிட்டால் போதும், என் போன் ஓயாது. ஊத்துக்கோட்டையில் குடியிருக்கிறேன் என்பதால், சென்னையில் இருக்கிற சொந்தபந்தம் எல்லோருக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இருக்கிற மலைகளுக்கு நான்தான் வழி சொல்ல வேண்டும். இந்த வருஷம் முதலில் கூப்பிட்டது என் அக்கா மகன். "சித்தி, தடாவுக்குப் போறதா நாகலாபுரம் போறதா? ஓடைத் தண்ணியிலேயே நடந்து போகணும், அது மட்டும் போதும்" என்றான். கூடவே ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே பச்சைக் கண்ணாடி போல ஒரு மடு, நாகலாபுரத்தில் யாரோ எடுத்தது. சரி, யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். அவன், அவன் மனைவி, ஆபீஸ் நண்பர்கள் 2 பேர், 9 வயது மகள், அப்புறம் என் அக்காவும் மாமாவும். அக்காவுக்கு 56 வயது, படி இறங்கினால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். மாமா நன்றாக நடப்பார், ஆனால் நீச்சல் தெரியாது.

இந்த 7 பேரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பேச்சு அரை மணி நேரம் போயும் முடியவில்லை, இதே கேள்வியை வருஷத்துக்குப் பத்து பேராவது கேட்கிறார்கள், அதனால் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் எல்லா இடத்துக்கும் பொதுவான இரண்டு விஷயம். சென்னைக்காரர்களுக்கு அருவி என்றால் குற்றாலம்தான் நினைவுக்கு வரும், அதனால் ஆனி ஆடியில் கிளம்பி இங்கே வந்துவிடுகிறார்கள். வந்து பார்த்தால் வெறும் கல். எங்கள் பக்கத்து ஓடைகளுக்குத் தண்ணீர் கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி கார்த்திகையில் மலை நன்றாக நனைந்து, மார்கழியில் வேகம் அடங்கி, தை முடியும் வரை தெளிந்து ஓடும். மாசியில் நூலாகிவிடும், பங்குனியில் ஓடை அறுந்து தனித்தனிக் குட்டையாகத் தேங்கி நிற்கும். ஆகவே டிசம்பர் நடுவில் இருந்து ஜனவரி கடைசி வரைதான் காலம். நவம்பரில் போகாதீர்கள் என்றே சொல்வேன், புயல் சின்னம் எதுவும் வங்கக்கடலில் இருக்கும்போது நினைத்தே பார்க்காதீர்கள். நாகலாபுரத்து மலையில் பெய்கிற மழை ஆரணி ஆற்றில்தான் வந்து சேர்கிறது. பிச்சாட்டூர் ஏரியைத் திறந்துவிட்டால் எங்கள் ஊர் தரைப்பாலம் என்ன ஆகும் என்பதைப் பல வருஷம் கரையில் நின்று பார்த்தவள் நான்.

இரண்டாவது, கல். நகரி, நாகலாபுரம், தடா என்று இந்த மலைகள் பெரும்பாலும் குவார்ட்சைட் என்கிற கெட்டிப் பாறை, புவியியல்காரர்கள் நகரியின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கற்கோடரிகள் எல்லாம் இதே வகைக் கல்லில் செதுக்கியவைதான். இந்தக் கல் சுலபத்தில் கரைந்து சேறாகாது, அதனால்தான் ஓடைத் தண்ணீர் அவ்வளவு தெளிவு, 10 அடி ஆழத்தில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். அதே தெளிவுதான் ஆபத்தும். இடுப்பளவு என்று நினைத்து இறங்குகிற இடம் இரண்டு ஆள் ஆழம் இருக்கும்.

பழைய குறிப்புகளில் இந்த இடங்களைச் சித்தூர் மாவட்டம், நெல்லூர் மாவட்டம் என்று எழுதியிருப்பார்கள். 2022 ஏப்ரலில் இருந்து நான் சொல்லப்போகிற எல்லாமே திருப்பதி மாவட்டம். வழி கேட்கவும் அனுமதி விசாரிக்கவும் இது தெரிந்திருந்தால் நல்லது. மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். திருத்தணி மட்டும் 1960-ல் நம் பக்கம் வந்தது, நகரியும் புத்தூரும் அங்கேயே நின்றுவிட்டன, வீட்டுக்குள் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக இன்றைக்கும் பேசுகிறார்கள். அக்கா என்று கூப்பிட்டால் இரண்டு மொழியிலும் திரும்பிப் பார்ப்பார்கள்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

கைலாசகோனாவைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஊத்துக்கோட்டையில் இருந்து புத்தூர் போகிற சாலையில், நாராயணவனத்துக்கு முன்னால் பிரிந்து உள்ளே போக வேண்டும். வண்டியை விட்டு இறங்கிக் கொஞ்சம் படி ஏறினால் அருவி, பக்கத்திலேயே சிவன் கோயில். வருஷம் முழுவதும் தண்ணீர் விழும், மற்ற மூன்று இடத்துக்கும் இல்லாத பெருமை அது. அக்காவுக்கு ஏற்ற இடம், குழந்தைக்கும் பயமில்லை. ஆனால் நடை கிடையாது. அக்கா மகன் கேட்டது நடை. விடுமுறை நாளில் அருவிக்குக் கீழே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். குளிக்கத்தான் போகிறோம் என்றால் தாராளமாகப் போகலாம், ஓடை வழியே நடக்க என்றால் இது கணக்கிலேயே வராது.

தலகோனா வேறு ரகம். தல என்றால் தலை, கோன என்றால் மலையிடுக்குப் பள்ளத்தாக்கு, நம் காதுக்கே பாதி புரிகிற பெயர். திருப்பதியில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர், பாகராபேட்டை தாண்டிப் போக வேண்டும். 270 அடி உயரத்தில் இருந்து விழுகிற அருவி, ஆந்திராவிலேயே உயரமானது. ஸ்ரீவெங்கடேசுவரா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, அதனால் காடு என்றால் அது காடு. சித்தேசுவரர் கோயிலில் இருந்து பாதை மேலே ஏறும். வழியில் ஆள் இடுப்பளவு பருத்த காட்டுக்கொடி ஒன்று மரத்துக்கு மரம் தாவிப் படர்ந்திருக்கிறது, அதைப் பார்க்கவே போகலாம். மரங்களுக்கு நடுவே உயரத்தில் கட்டின கயிற்றுப் பாலமும் உண்டு, திறந்திருந்தால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பாதையில் கல்படிகள் போட்டிருக்கிறார்கள், நாலு இடத்தில் எங்கே பாதை ஒழுங்காக இருக்கிறது என்று கேட்டால் தலகோனாவைத்தான் சொல்வேன்.

குறை என்ன? தூரம். சென்னையில் இருந்து காலையில் கிளம்பி அதே நாளில் திரும்பினால் நாள் முழுக்கக் காரில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். முதல் நாள் திருப்பதியில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் போகிறவர்களுக்கு, ஏழுமலையானைச் சேவித்த கையோடு இதையும் பார்ப்பவர்களுக்கு, இதைவிடச் சிறந்த இடம் இல்லை. அப்புறம், இங்கேயும் நடப்பது பாதையில், ஓடை பக்கத்தில் கூடவே வரும், அவ்வளவுதான். காலைத் தண்ணீரில் வைத்தபடி நடக்கிற சுகம் கொஞ்ச தூரம்தான் கிடைக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. தலகோனாவைச் சுற்றியிருக்கிற சேஷாசலம் காடு செம்மரக் காடு. இந்தப் பக்கத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளை விட்டால் உலகத்தில் வேறு எங்கேயும் இயற்கையாக வளராத மரம் இது, முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்த பட்டை, பார்த்தால் மறக்காது. இந்த மரத்தை வெட்டியதாகச் சொல்லித்தான் 2015 ஏப்ரல் 7-ம் தேதி திருப்பதிக்குப் பக்கத்தில் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். திருவண்ணாமலை, தருமபுரி பக்கத்துக் கூலிக்காரர்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் யாருமே உரக்கப் பேசவில்லை. பத்து வருஷம் ஆகியும், முதுகில் பையோடு தமிழ் பேசிக்கொண்டு நாலு ஆண்கள் காட்டுக்குள் தடம் மாறிப் போனால் அங்கே இருக்கிறவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். நம் மேல் தப்பு இல்லைதான். ஆனாலும் ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட் வாங்கின இடத்தில் பெயர் எழுதச் சொன்னால் எழுதுங்கள், குறுக்குப் பாதை என்று யார் காட்டினாலும் போகாதீர்கள். இது தலகோனாவுக்கு மட்டும் இல்லை, எல்லா இடத்துக்கும்.

இப்போது நாகலாபுரம். மனசைக் கேட்டால் நான் போக விரும்புவது இங்கேதான், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரைத் தாண்டினால் சுருட்டப்பள்ளி, ஆலகாலத்தை உண்ட களைப்பில் சிவபெருமான் பார்வதியின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிற கோயில். அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் போனால் நாகலாபுரம். ஊருக்கு அந்தப் பெயர் கிருஷ்ணதேவராயரின் தாயார் நாகலாவால் வந்தது. மச்சாவதாரத்தில் நிற்கிற வேதநாராயணப் பெருமாள் கோயில் உண்டு, பங்குனி வாக்கில் 3 நாள் மாலைச் சூரியன் கோபுர வாசல் வழியே நுழைந்து மூலவர் மேல் விழும். ஊரில் இருந்து மலையடிவாரத்துக்கு உள்ளே போனால் ஒரு சின்ன அணை, அதன் கரையில் வண்டியை விட்டுவிட்டு நடக்க ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பாதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஓடைதான் பாதை. முதலில் முழங்கால் அளவுத் தண்ணீர், அப்புறம் வயிறு உருண்ட பாறைகள், பாறைக்குப் பாறை தாவ வேண்டும், அப்புறம் ஒரு மடு. மடுவைச் சுற்றிப் போக வழி இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் நீந்த வேண்டும். மேலே போகப் போக இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கிவரும், வெயில் உச்சியில் மட்டும் எட்டிப் பார்க்கும், தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். அக்கா மகன் அனுப்பின போட்டோ அங்கே எடுத்ததுதான். 2008-ல் சென்னையில் ஒரு டிரெக்கிங் கிளப் ஆரம்பித்ததற்குப் பிறகு இந்த மலையின் புகழ் பரவியது. அதற்கு முன்னால் ஆடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குபவர்களும்தான் போய்வருவார்கள்.

அந்த மடுவில் மிதந்துகொண்டு மேலே பார்த்தால் கிடைக்கிற அமைதியை எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போய்ச் சேர வேண்டும், போன அதே வழியில் திரும்பவும் வேண்டும். போகும்போது உற்சாகத்தில் கால் தானாகப் போகும், சாயங்காலம் திரும்பும்போதுதான் தொடை நடுங்கும். கல் வழுக்குவது அப்போதுதான். சில வருஷம் முன்பு எனக்கே நடந்தது. திரும்புகிற வழி, அணை கண்ணுக்குத் தெரிகிற தூரம், கறுத்த கல் ஒன்றில் கால் வைத்தேன். அடுத்த நொடி மணிக்கட்டு ஊன்றி உட்கார்ந்திருந்தேன். வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூட இருந்தவர்கள் துப்பட்டாவில் கையைக் கட்டித் தொங்கவிட்டு நடத்திக்கொண்டு வந்தார்கள். அங்கிருந்து வேறெங்கே போவது, புத்தூர் கட்டுதான். மூலிகை அரைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, ஆறு வாரம். கை சேர்ந்துவிட்டது. ஆனால் அந்த இடத்தில் மணிக்கட்டுக்குப் பதில் முழங்கால் போயிருந்தால் என்னை யார் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைப்பேன். போன் சிக்னல் உள்ளே கிடையாது.

அந்தக் கறுத்த கல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடையில் இரண்டு விதக் கல் பார்ப்பீர்கள். வெயிலில் காய்ந்து வெளிறிப்போனது ஒன்று, அதில் செருப்பு பல் போலக் கடித்துப் பிடிக்கும். தண்ணீர் எப்போதும் நக்கிக்கொண்டே இருக்கிற கறுத்த கல் இன்னொன்று. பாசி இருப்பது கண்ணுக்கே தெரியாது, விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பச்சை மை போல ஒட்டும். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் கல் மேல் ஏறாமல் இரண்டு கல்லுக்கு நடுவே, தண்ணீருக்குள் இருக்கிற கூழாங்கல் தரையில் கால் வையுங்கள். நனைவது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.

நாகலாபுரம் காப்புக்காடு, வனத்துறை அனுமதி வேண்டும், சில காலம் மூடியும் வைத்துவிடுகிறார்கள். அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரமே விசாரிக்க வேண்டும், உள்ளூர் ஆள் ஒருவரை வழிகாட்ட அழைத்துக்கொள்ள வேண்டும். அனுமதி இல்லை என்று சொன்னால் இல்லைதான். காட்டில் யாருக்கும் தெரியாமல் புகுந்து போய் எதாவது ஆனால் தேடக்கூட ஆள் வராது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் போனார்களே, அதற்குப் பிறகு இரண்டு மாநிலத்திலும் இந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம், அது நல்லதுக்குத்தான்.

கடைசியாகத் தடா. உண்மையான பெயர் உப்பலமடுகு. மடுகு என்பது நம் மடுவேதான். தடா ஊரில் இருந்து மேற்கே காளஹஸ்தி போகிற சாலையில் வரதய்யபாளையம் பக்கம் உள்ளே திரும்ப வேண்டும். சென்னையில் இருந்து சுமார் 90 கிலோமீட்டர். கார் இல்லாதவர்கள் சூலூர்பேட்டை மின்சார ரயிலில் தடாவில் இறங்கி ஆட்டோ பேசிக்கொள்ளலாம். எங்களுக்குச் சத்தியவேடு வழி. வனத்துறைச் சாவடியில் டிக்கெட், வண்டிக்குத் தனி. அங்கிருந்து ஓடைக்கரையோடு நடை ஆரம்பம். சிவராத்திரிக்கு உள்ளே இருக்கிற சிவன் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக வருவார்கள், அதனால் காலங்காலமாக மனிதர்கள் நடந்து தேய்ந்த தடம் இது.

நாகலாபுரம் அளவுக்கு அழகா என்றால் இல்லை. கூட்டமும் அதிகம். ஞாயிற்றுக்கிழமை போனால் ஓடையை விடப் பாட்டுச் சத்தம்தான் காதில் விழும். குடித்துவிட்டுப் பாட்டிலைப் பாறையில் அடித்து உடைத்துவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதே தண்ணீரில் சாயங்காலம் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வெறுங்காலோடு இறங்குகிறார்கள். ஒரு முறை என் அண்ணி காலில் கண்ணாடிச் சில்லு ஏறி, அன்றைக்கு அங்கேயே முடிந்தது பயணம். அதனால் தடா என்றால் வாரநாள் மட்டும்தான் என்று நான் பிடிவாதமாக இருப்பேன். லீவு போட முடியாது என்றால் அடுத்த மாதம் போங்கள்.

ஆனால் தடாவிடம் மற்ற இடங்களுக்கு இல்லாத ஒரு குணம் இருக்கிறது. எங்கே திரும்பினாலும் நஷ்டமில்லை. முதல் அரை மணியிலேயே உட்கார்ந்து கால் நனைக்க இடம் வரும். ஒரு வளைவு தாண்டினால் நாவல் மர நிழலில் அகலமான பாறை, இன்னொரு வளைவில் முழங்கால் ஆழத்தில் மணல் படுகை, மீன்குஞ்சுகள் வந்து குதிகாலைக் கொறிக்கும், குழந்தைகள் அங்கிருந்து எழுந்திருக்கவே மாட்டார்கள். அருவி வரை போனால்தான் போனதாகக் கணக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஏறவே இரண்டரை மணி நேரம், கடைசிப் பகுதியில் பாறை ஏற்றம். போகாவிட்டால் என்ன? ஓடை வழியே நடக்கத்தானே வந்தோம். நாகலாபுரத்தில் பாதியில் திரும்பினால் அந்தப் பச்சை மடுவைப் பார்க்காமல் வந்தோமே என்று வாரம் முழுக்க உறுத்தும், தலகோனாவில் அருவியைப் பார்க்காமல் திரும்பினால் 200 கிலோமீட்டர் வந்தது எதற்கு என்று தோன்றும். தடாவில் அக்காவால் எவ்வளவு தூரம் முடிகிறதோ அவ்வளவு தூரம்தான் தடா.

இந்த ஒரு காரணத்துக்காக, இந்த 7 பேருக்கு நான் தடாவைத்தான் சொல்கிறேன்.

இளையவர்கள் நாகலாபுரம் போகட்டும், பெரியவர்கள் சுருட்டப்பள்ளி கோயிலும் கைலாசகோனாவும் பார்த்துவிட்டு மாலையில் சேர்ந்துகொள்ளட்டும் என்று மாமா ஒரு யோசனை சொன்னார். ஒரே சாலைதான், செய்யக் கூடியதுதான். ஆனால் மாலை 5 மணிக்குள் மலைக்குள் போனவர்கள் வந்து சேராவிட்டால், சிக்னல் இல்லாத இடத்தில் அக்கா அணைக்கரையில் நின்று தவிக்கிற தவிப்பை நினைத்துப் பாருங்கள். அதோடு, ஏழு பேரும் சேர்ந்து ஒரு நாள் இருக்கத்தானே இந்த ஏற்பாடு. அக்கா மகனும் அவன் நண்பர்களும் நாகலாபுரத்துக்குத் தனியாக ஜனவரியில் வரட்டும், நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும், நானும் வருகிறேன்.

தடாவிலும் பயம் இல்லாமல் இல்லை. அங்கேயும் மடுவில் முழுகிச் செத்திருக்கிறார்கள், பெரும்பாலும் நீச்சல் தெரியாத இளவட்டங்கள், நண்பன் குதித்தான் என்று பின்னாலேயே குதித்தவர்கள். மாமா, உங்களுக்குத்தான் சொல்கிறேன், இடுப்புக்கு மேல் தண்ணீர் இருக்கிற இடத்தில் நீங்கள் கரையில் உட்கார்ந்து பேத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் பற்றியும் கொஞ்சம். நடந்து போகும்போது ஓடைக்கரை மரங்களை, புங்கனோ நீர்மருதோ, அண்ணாந்து பாருங்கள். கிளை இடுக்கில் காய்ந்த புல்லும் சுள்ளியும் பாலிதீன் பையும் கத்தையாகச் சிக்கியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது பறவைக்கூடு என்றுதான் நினைத்தேன். அது கூடு இல்லை, போன வெள்ளம் அந்த உயரத்துக்கு ஓடியிருக்கிறது என்பதற்கு அடையாளம். என் தலைக்கு மேல் ஒரு கை உயரத்தில் பார்த்திருக்கிறேன். நாம் நிற்கிற இடத்தில் மழையே இல்லாமல் இருக்கும், மேலே மலையில் பெய்துகொண்டிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துக்கொண்டு போகப்பட்டான்.

தடாவில் ஒரு டிசம்பரில் நாங்களே பார்த்தோம். மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். முதலில் இலைதான் வந்தது, ஒன்றிரண்டாக மிதந்து வருவது வழக்கம்தான், அன்றைக்கு வரிசையாக வந்தது. அப்புறம் மண் வாசனை. தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு மாறிக்கொண்டிருப்பதை எங்களோடு வந்த உள்ளூர் அம்மா பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் குழந்தைகளைக் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. இரண்டு மணி நேரம் மேட்டிலேயே நின்று, வடிந்த பிறகுதான் இறங்கினோம். ஆகவே இலை கூட்டமாக வந்தாலோ, நிறம் மாறினாலோ, இரைச்சல் மாறினாலோ, பையை எடுக்கத் திரும்பாமல் மேடேறிவிடுங்கள். அக்கரையில் இருந்தால் அக்கரையிலேயே மேடேறுங்கள், இக்கரைக்கு ஓடி வராதீர்கள்.

பெண்களுக்கு ஒரு விஷயம், இதை யாரும் எழுதுவதில்லை. ஓடைக்குள் உடை மாற்றத் தனி இடம் கிடையாது. நனைந்தால் சீக்கிரம் காய்கிற மெல்லிய சுடிதாரோ டிராக் பேண்ட்டோ போட்டுக்கொண்டு வரலாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் இரும்பு மாதிரி கனக்கும், தொடை உரசிப் புண்ணாகும். ஒரு பழைய புடவை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேர் பிடித்தால் மறைப்பு, விரித்தால் உட்கார, யாராவது வழுக்கினால் கட்டுத்துணி. கழிப்பறை வேலையெல்லாம் சாவடிக்கு முன்னாலேயே, தடாவிலோ சத்தியவேட்டிலோ முடித்துவிடுவது நல்லது.

காலுக்கு, தண்ணீரில் போட்டாலும் கழன்று போகாத பட்டைச் செருப்பு, பின்னால் வார் வைத்தது. புது ஷூவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போடாதீர்கள். அக்காவுக்கு மூங்கில் கழி ஒன்று நான் கொண்டுவருகிறேன், தோள் உயரம், ஓடையில் ஆழம் பார்க்கவும் அதுவே. சாப்பாட்டுக்குப் புளிசாதமும் தயிர்சாதமும் எவர்சில்வர் டப்பாவில், பிளாஸ்டிக் ஒன்றும் உள்ளே வேண்டாம், குரங்கு பையைத்தான் முதலில் குறிவைக்கும். குடிக்கிற தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே யார் குளிக்கிறார்கள், எந்த மாடு இறங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

அதனால் இப்படி வைத்துக்கொள்ளலாம். டிசம்பர் மூன்றாவது வாரம், செவ்வாயோ புதனோ, முந்தின 3 நாள் மலையில் மழை இல்லாவிட்டால் மட்டும். நீங்கள் விடியற்காலை 5 மணிக்கு அங்கே கிளம்பி நேராகத் தடாவுக்கு வந்துவிடுங்கள், நான் சத்தியவேடு வழியாக வந்து சேர்கிறேன். டிபன் முடித்துவிட்டு 8 மணிக்கு நடக்க ஆரம்பிப்போம். எல்லோருக்கும் முன்னால் அக்கா நடக்கட்டும், அவள் வேகம்தான் நம் வேகம். மணி 12 ஆனதும் எங்கே இருக்கிறோமோ அங்கேயே உட்கார்ந்து சாப்பாடு, அதற்கு மேல் ஒரு அடி கூட மேலே போவதில்லை, அருவி அடுத்த வளைவில்தான் என்று எதிரே வருகிறவர்கள் எத்தனை பேர் சொன்னாலும் சரி. 3 மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிட வேண்டும். மழை வந்து தள்ளிப் போட வேண்டியிருந்தால் முந்தின நாள் ராத்திரி 9 மணிக்கு நானே போன் செய்கிறேன், குழந்தையிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அழுவாள்.